அண்ணன் சாய்கிற பெட்டி

பாஸ் கிடார் வாசிக்கிறவர்களை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. தப்பித்தவறிப் பார்க்கிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: கிடாருக்கு ஆறு கம்பியாச்சே, உங்களுக்கு மட்டும் ஏன் நாலு? டொம்மக்காவிடம் இதைக் கேட்காத ஆளே கிடையாது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். மேடைக்கு விளக்குக் கட்ட வந்த ஆள் ஏணி மேலிருந்தபடியே கேட்டிருக்கிறான். "மிச்ச ரெண்டையும் வீட்டுல காயப் போட்டிருக்கேங்க" என்பாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கேட்டவர் நம்பிக்கொண்டு போய்விடுவார்.

அதில் பாதி உண்மை என்பதுதான் வேடிக்கை. பாஸ் கம்பி தடிமனானது, சுருள் சுருளாகச் சுற்றியது. விரல் வேர்வையும் அழுக்கும் சுருளுக்குள் இறங்கிவிட்டால் சத்தம் மங்கிப் போகும். புதுக் கம்பி மாட்டலாம்தான், ஆனால் நன்றாக இருக்கிற கம்பியைத் தூக்கிப் போட டொம்மக்காவுக்கு மனசு வராது. கழற்றிப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பாள். அழுக்கெல்லாம் மேலே மிதந்து வரும். பிறகு துணி காயப் போடுகிற கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவாள். ஒருமுறை கைக்கு அகப்பட்டதென்று பால் பாத்திரத்தில் கொதிக்க வைத்துவிட்டாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், லேசில் வாய் திறவாதவர். அன்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று மட்டும் கேட்டார். மறுநாளே கம்பிக்கென்று தனிப் பாத்திரம் வந்தது. அதன் வயிற்றில் அவரே சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டு வைத்தார்.

டொம்மக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறவன் வைத்தது. டொம் டொம் என்று அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மரியாதைக்கு ஓர் அக்காவையும் சேர்த்து ஒட்டிவிட்டான். பெயர் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அவள் பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்கூட டொம்மக்கா இருக்காங்களா என்றுதான் கேட்கிறார்.

பட்டறை என்றால் சோபாப் பட்டறை. பகலெல்லாம் அவளுக்கு அங்கேதான் வேலை. சட்டம் ஆடுகிற சோபா, ஸ்பிரிங் பிதுங்கின சோபா, பூனை பிறாண்டின சோபா என்று எல்லாம் வரும். உறையை உரித்து, மரத்தைச் சரிசெய்து, ஃபோம் வெட்டி, ரெக்ஸினை இழுத்துப் பிடித்துப் பின் அடித்து அனுப்புவாள். அவள் பாஸ் கிடார் வந்ததும் அந்த வழியில்தான். ஒரு வாத்தியக் கடைக்காரர் வீட்டுச் சோபாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடையின் பின்னறையில் வில்லாக வளைந்த கழுத்தோடு சுவரில் சாய்ந்திருந்தது. கம்பி மாட்டினால் கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. வாசிக்க லாயக்கில்லை, எடுத்துக்கொண்டு போம்மா என்றுவிட்டார். மரத்தோடு பழகினவளுக்கு வளைந்த மரம் என்றால் என்ன பயம்? பாஸின் கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. நுனியில் சாவி போட்டுத் திருகினால் கழுத்து நிமிரும். அவசரப்பட்டால் முறிந்துவிடும். அவள் தினமும் கொஞ்சம் திருகுவாள், விட்டுவிடுவாள். மரத்துக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்பாள். கழுத்து நிமிர்ந்தது. ஆனால் உடம்பு கனமோ கனம். தோள்பட்டை இற்றுப் போகாமலிருக்க, சோபாத் துணியில் ஃபோம் வைத்து ஒரு சாண் அகலத்தில் வார் தைத்துக்கொண்டாள். மீந்த ஃபோமில் ஒரு துண்டைக் கம்பிகளுக்கு அடியில், அவற்றைத் தாங்குகிற கட்டைக்குப் பக்கத்தில் செருகினாள். இழுத்துக்கொண்டு ரீங்கரித்த சத்தம் சட்டென்று அடங்கி, டொம் என்று உருண்டையாக விழுந்தது. அதுதான் அவள் சத்தம்.

குழுவில் மொத்தம் நாலு பேர். ட்ரம்ஸ்காரன் பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். யார் வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் தன் பக்கத்தில் பிரேக் இருப்பதாக நினைத்துக் காலை அழுத்துகிற ஜன்மம். குழுவின் வேன் அவனுடையதுதான். கிடார்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர், சாதுவான மனிதர், ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் தன் சத்தத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு கூட்டி வைப்பார். கடைசிப் பாட்டுக்குள் அவர் கிடார் மட்டும்தான் கேட்கும். கேட்டால், நான் தொடவே இல்லை என்று சாதிப்பார். பாடுகிறவர் டொம்மக்காவின் சொந்த அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தே கிடப்பவர். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியும். இடுப்புக்குக் கீழே அவருக்குக் கால் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். மேடை ஏறிவிட்டால் ஆள் வேறு. இஸ்திரி போட்ட பேண்ட், பளபளக்கிற ஷூ, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். குரல் ஒன்றும் உலகத்தில் இல்லாத குரல் அல்ல, சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல்தான். ஆனால் ஜனங்கள் மயங்குவது அந்த நடைக்கு. ஒரு விழாவில் வேறொரு குழுவின் பாடகர் முக்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். வேனில் திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "பகல் பூரா உக்காந்திருக்கேன். மேடையிலயும் உக்காரணும்னு ஒரு நாள் வந்துச்சுன்னா, அன்னைக்கே மைக்கை வச்சிட்டுப் போயிடுவேன். சத்தியமா."

கேட்டவர்கள் சிரித்தார்கள். டொம்மக்கா சிரிக்கவில்லை. ஏனென்றால் அவளுக்கு விஷயம் தெரியும்.

பாஸ் வாசிக்கிறவர் மேடையில் பின்னால் நிற்பவர். எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்தால், அவர் பார்ப்பது முதுகுகளை. முதுகு பொய் சொல்லாது. கொஞ்ச காலமாகவே அண்ணனின் முதுகு சரியில்லை. நீளமாக ஒரு வரி பாடும்போது இடது தோள் மெதுவாக மேலேறும், உடம்பின் பாரமெல்லாம் வலக்காலுக்குப் போகும். நடை குறைந்தது. பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் பின்னால் வந்து, டொம்மக்காவின் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஒரு முழங்கையை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, ரொம்ப ஒயிலாக நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பார். சபைக்கு அது ஸ்டைல். சில பேர் விசிலடிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற தங்கைக்கு மட்டும் மூச்சு வாங்குவது கேட்கும், வலித் தைலத்தின் வாடையும் அடிக்கும்.

அண்ணா, கால் வலிக்குதா என்று ஒரு தடவை சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தாள். செருப்பு சரியில்லை என்றார். அவள் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அது இறுக்குகிறது என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? அண்ணிதான் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிட்டாள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம். டாக்டர் ஆபரேஷன் என்கிறாராம். செய்தாலும் முன்னைப் போல நிற்க முடியுமா என்பது சந்தேகமாம். இவர் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடிக்கிறாராம். தைலம் வாங்கக்கூட, கிடார்காரருக்குத் தெரிந்துவிடும் என்று ஊரின் அடுத்த கோடிக்குப் போகிறாராம். "பாட்டு மட்டும் இல்லேன்னா மனுஷன் படுத்துருவாரு. எனக்கு அதான் பயம்" என்றாள் அண்ணி. அவர் காதுக்கு இது போகவே கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள்.

ஆக, அண்ணன் பாடுவது இனி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று டொம்மக்கா புரிந்துகொண்டாள். பெட்டி இருந்தால் சாயலாம். சாய்ந்தால் நிற்கலாம். நின்றால்தான் பாடுவார்.

பெட்டியோ சின்ன அலமாரி அளவுக்கு இருந்தது. பாஸின் கீழ்ச்சத்தத்தைத் தள்ளப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய பெட்டி வேண்டும் என்றிருந்த காலத்தில் செய்தது. அதைத் தூக்கித் தூக்கிக் குழுவில் எல்லோருக்கும் முதுகு விட்டுப் போயிருந்தது. இசைக்குழு என்றால் பாட்டு, கைதட்டல், பூங்கொத்து என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடப் போங்கள்! முக்கால்வாசி நேரம் சுமை தூக்குகிற வேலை, மீதிக் கால்வாசியில் வாசிப்பு. இதில் எரிச்சல் என்னவென்றால், இப்போது எந்த மண்டபத்திலும் அந்தப் பெட்டி தேவையில்லை. சவுண்டுக்காரர் பாஸிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துத் தன் மிக்ஸரில் செருகிக்கொள்வார். சபைக்குப் போவது அந்தச் சத்தம்தான். மேடையில் அவளுக்குக் கேட்கச் சாப்பாட்டுக் கேரியர் அளவில் ஒரு சின்னப் பெட்டி போதும்.

ட்ரம்ஸ்காரன் இதைப் பிடித்துக்கொண்டான். ஒத்திகைக்குப் பட்டறையில் கூடுகிறபோதெல்லாம் அதே பேச்சு. வேனில் இடத்தை அடைக்கிறது, டயர் தேய்கிறது, தன் இடுப்பு போகிறது என்று அடுக்குவான். இடுப்பு என்றதும் அண்ணன் வேறு பக்கம் பார்ப்பார். கிடார்காரரும் அவனோடு சேர்ந்துகொண்டார். டொம்மக்கா வாய்க்கு வந்த சாக்கெல்லாம் சொன்னாள். சின்னப் பெட்டியில் அந்தச் சத்தம் வராது என்றாள். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தால்தான் தனக்கு வாசிக்க வரும் என்றாள். பழகின பொருளை எப்படி விடுவது என்றாள். எதுவும் எடுபடவில்லை. இந்த அக்காவுக்குப் பிடிவாதம், ஒரு மரப்பெட்டிமேல் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். கட்டட்டும் என்று இருந்துவிட்டாள். அண்ணனுக்காக இந்தப் பேரை வாங்கிக்கொள்வதில் அவளுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாதத்தைப் பெட்டியே முடித்து வைத்தது. லிஃப்ட் இல்லாத ஒரு மண்டபம், மாடியில் மேடை. தூக்கிக்கொண்டு ஏறும்போது திருப்பத்தில் கிடார்காரரின் பிடி நழுவியது. பெட்டி படிப்படியாகக் குதித்து இறங்கி, வாசலில் செருப்புகளுக்கு நடுவில் விழுந்து பிளந்தது. உள்ளே மரம் நொறுங்கி உதிர்ந்தது. அன்றைக்கு மண்டபத்துக்காரரின் ஸ்பீக்கரை வைத்து ஒப்பேற்றினார்கள். சாய இடமில்லாமல் அண்ணன் எப்படி நின்று முடித்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கினார். விட்டது பீடை என்று ட்ரம்ஸ்காரன் உச்சி குளிர்ந்து போயிருந்தான். டொம்மக்கா சொன்னாள், புதுப் பெட்டி நானே செய்கிறேன், ஒற்றைக் கையால் நீ தூக்கலாம், அதற்கு நான் பொறுப்பு.

மறுநாள் பட்டறைக்கு வரும்படி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு வாடிக்கையாளர் உங்கள் உயரம்தான், அவருக்குச் சாய்வு நாற்காலி செய்ய வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, நிற்க வைத்து டேப் பிடித்தாள். தரையிலிருந்து இடுப்பு எலும்பு, தரையிலிருந்து முழங்கை. நாற்காலிக்கு முழங்கை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மெல்லிய பிளைவுட்டில் அந்த அளவுக்குச் சட்டம் போட்டாள். சாய்கிற பக்கத்தில் ரெக்ஸினுக்கு அடியில் கொஞ்சம் ஃபோம் வைத்தாள், ஓரங்களை மழுக்கி எடுத்தாள். உள்ளே ஒரு மூலையில் சின்ன ஸ்பீக்கர். மீதி முழுக்க வெற்றிடம். மாலையில் வந்து பார்த்த கணவர் பெட்டியைத் தட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், இதில் ஓர் ஆள் குடியிருக்கலாமே என்றார். அவள் ரெக்ஸினை இழுத்துப் பின் அடித்துக்கொண்டிருந்தாள். அவரும் விவரம் தெரிந்த மனிதர், மேலே கேட்கவில்லை.

ட்ரம்ஸ்காரன் அதை ஒரு கையால் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தான். குழுவே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. டொம்மக்காவுக்கும் பெருமை பிடிபடவில்லை. அவள் சோபாக்காரி. சட்டம் கனமில்லாமல் இருக்க வேண்டும், வீடு பெருக்குகிறவர் ஒரு கையால் நகர்த்த வேண்டும், அதுதான் நல்ல வேலை என்று கற்றவள். சோபாவில் உட்காருகிறவரின் பாரம் நேராகக் கீழே இறங்கும். பெட்டியில் சாய்கிறவரின் பாரம் பக்கவாட்டில் போகும். கனம்தான் அங்கே துணை. இந்தச் சின்ன விஷயம் அவ்வளவு தெரிந்தவளுக்கு எப்படித் தோன்றாமல் போனதோ!

முதல் கச்சேரி ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழா. வழவழவென்று பளிங்குத் தரை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அண்ணன் வழக்கம்போலப் பின்னால் வந்தார், முழங்கையை வைத்தார், சாய்ந்தார். பெட்டி சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. கூடவே அவரும் போனார். விழாமல் மைக் ஸ்டாண்டைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுழன்று, ஒரு காலை நீட்டி நின்றுவிட்டார். புது டான்ஸ் என்று நினைத்துச் சபை ஆரவாரம் செய்தது. அவரும் குனிந்து வணங்கினார். நிமிரும்போது அவர் முகத்தை டொம்மக்கா பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. உதடு வெளுத்திருந்தது.

 பாவி, நானே அண்ணனைக் கீழே தள்ளப் பார்த்தேனே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். இடது முழங்காலைப் பெட்டியின் முதுகில் முட்டுக் கொடுத்தாள். அடுத்த முறை அண்ணன் சாய்ந்தபோது பெட்டி அசையவில்லை. அந்தப் பக்கம் அவர் பாரம், இந்தப் பக்கம் அவள் முழங்கால். நடுவில் மெல்லிய பிளைவுட்.

வேறு வழி தேடாமல் இல்லை. உள்ளே மணல் மூட்டை வைத்துப் பார்த்தாள். கீழ் நோட்டு வாசித்தால் மூட்டை குதித்ததில் பெட்டி கடகடவென்றது. தூக்க வந்த ட்ரம்ஸ்காரன், இதுக்குள்ள யார் செங்கல் வச்சது என்று கத்தினான். மணலை வெளியே எடுத்தாள். அடியில் ரப்பர் ஒட்டிப் பார்த்தாள். வழுக்குவது நின்றது, ஆனால் சாய்ந்தால் கவிழப் பார்த்தது. கடைசியில் முழங்காலே கதி என்று ஆனது. கச்சேரிக்குக் கச்சேரி அப்படித்தான் ஓட்டினாள். அண்ணன் பெட்டியை நாடி வரும் நேரமும் போகப் போக நீண்டது. பாட்டுகளுக்கு இடையில் சாய்ந்தது போய், பாட்டையே சாய்ந்துகொண்டு பாடத் தொடங்கினார். அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பது அவள் முழங்காலுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் கணவர் ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுப்பார்.

முழங்கால் தாங்கியது, தாளம் தாங்கவில்லை. பாஸ் வாசிப்பது விரலில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. இரண்டு காலும் தரையில் பாவி, உடம்பு ட்ரம்ஸோடு ஆட வேண்டும். ஒரு காலில் நின்றுகொண்டு, மறு காலில் ஒரு மனிதரைத் தாங்கிக்கொண்டு என்ன வாசிப்பது? அண்ணன் சாய்கிறபோதெல்லாம் அவள் நோட்டு ஒரு நூல் பின்னால் விழுந்தது. சபைக்குத் தெரியாது. ட்ரம்ஸ்காரனுக்குத் தெரியும். பாஸும் ட்ரம்ஸும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுகள், ஒன்று இழுத்தால் மற்றதற்குக் கழுத்து வலிக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், ஓர் ஒத்திகையில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பிரேக் மேல கால வச்சுக்கிட்டே வர்றீங்க. என்னால வண்டி ஓட்ட முடியல. அந்தப் பெட்டிக்குப் பின்னால அப்படி என்னதான் இருக்கு? என் பக்கத்துல வந்து நில்லுங்க." கிடார்காரர் தன் பங்குக்கு, வயசானால் எல்லோருக்கும் விரல் கொஞ்சம் தளரும்தான் என்று ஆறுதல் சொல்லி வைத்தார். அந்த ஆறுதல்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் விரலைப் பற்றி யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொன்னால் அண்ணன் அன்றோடு மைக்கை வைத்துவிடுவார். "என் தப்புதான். பாத்துக்கறேன்" என்றாள்.  அண்ணன் அப்போது பாதி உரித்த சோபா ஒன்றின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அடுத்த கச்சேரி ஒரு கல்யாண வரவேற்பு. சாயங்கால வெயில் மண்டபத்து ஜன்னல்களில் இன்னும் மீதி இருந்தது. டொம்மக்கா எப்போதும்போலப் பெட்டிக்குப் பின்னால் போய் முழங்காலை வைத்துக்கொண்டாள். ட்ரம்ஸ்காரன் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். முதல் பாட்டு முடிந்தது, அண்ணன் வரவில்லை. இரண்டாவது முடிந்தது, தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை. முன்னாலேயே நின்றார். அவளுக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும். இடது தோள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடம் பிடிக்காதீர்கள், வந்துவிடுங்கள் அண்ணா, வந்து சாயுங்கள் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். யாருமே சாயாத பெட்டியை முழங்காலால் தாங்கிக்கொண்டு நின்றாள். விழுந்துவிடுவார், இத்தனை ஜனத்துக்கு நடுவில் விழுந்துவிடுவார் என்ற பயத்தில் எந்தப் பாட்டை வாசிக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்து போனது.

நாலாவது பாட்டின் நடுவில், ஒரு வரியின் முடிவில், அவர் குரல் உடைந்தது. சமாளித்து முடித்தார். கைதட்டினார்கள். பிறகு திரும்பிப் பெட்டியை நோக்கி நடந்து வந்தார். அதை நடை என்றே சொல்ல முடியாது. மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்திருந்தார். டொம்மக்கா மூச்சைப் பிடித்து முழங்காலை அழுத்திக்கொண்டாள். அவர் பெட்டிமேல் கையை மட்டும் வைத்தார், சாயவில்லை.

"காலை எடும்மா" என்றார்.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்தக் கால் என்று அசடு வழியக் கேட்டாள்.

"எனக்கு முட்டுக் கொடுத்திருக்கியே, அந்தக் கால். முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் சாஞ்சுக்கிட்டேதான் இருந்தேன், எனக்கு அது சுகமா இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அந்தத் தம்பி உன்னை அவ்வளவு சொன்னான். நீ வாயே திறக்கல. நீ ஒத்தைக் கால்ல நின்னு நான் ரெண்டு கால்ல நிக்கிறதா? போதும், விடு. போய் ட்ரம்ஸ் பக்கத்துல நின்னு உன் வாசிப்பை வாசி."

"நீங்க?" என்றாள். 

அவர் சபையின் பக்கம் திரும்பினார். மைக்கை உயர்த்தினார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பார்த்து, ஒரு நாற்காலி கொடுங்கள் என்று கேட்டார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது. ட்ரம்ஸ்காரன் குச்சியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பெட்டியையும் அவள் முழங்காலையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. எழுந்து ஓடிவந்து நாற்காலியை வாங்கி, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, அவனே போட்டான்.

அண்ணன் உட்கார்ந்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு முன்னால் அப்படிச் செய்ய அவருக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்பது டொம்மக்காவுக்குத் தெரியும். மண்டபம் ஒரு கணம் சலசலத்து அடங்கியது. எழுந்து போய்விடுவாரோ, மைக்கை வைத்துவிடுவாரோ என்று அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது வேகமான பாட்டு" என்றார் அவர் மைக்கில். "எனக்கு இடுப்புல மூட்டு தேஞ்சு போச்சு. அதனால இனிமே உக்காந்துதான் பாடுவேன். ஆனா இந்தப் பாட்டுக்கு யாராவது நிக்கணும். எனக்கும் சேர்த்து நீங்க எந்திரிங்க."

முதலில் மணப்பெண் எழுந்தாள். பிறகு அவள் தோழிகள், பிறகு வரிசை வரிசையாக மற்றவர்கள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் பலகாரத் தட்டை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்தே தலையாட்டினார். டொம்மக்கா ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் போய் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றாள்.  கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து, நாலு கம்பியும் அவளுக்குக் கலங்கலாகத் தெரிந்தன. ட்ரம்ஸ்காரன் குச்சியைத் தட்டி எண்ணிக் கொடுத்தான். அவள் டொம் என்று தொடங்கினாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, பாட ஆரம்பித்தார்.